ஷாஃப்ட் அளவு: கடைசியாக எடுக்க வேண்டிய அளவு

வாசகர் கேள்வி பதில்

பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகளை வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்துத் தந்திருக்கிறோம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் ட்ரைவ் ஷாஃப்ட்தான் அந்தப் பொருள். நம் லாரிப் பட்டறைகளில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று சொல்வது இதைத்தான். அந்த வண்டிகளின் உதிரிகள் எல்லாம் அங்குலக் கணக்கில் வருவதால் பதில்களும் அங்குலத்தில்தான் இருக்கும்.

கே: 1969 செவர்லே சி10 வைத்திருக்கிறேன், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி குட்டையானது. டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு நான்கு கியர் 700ஆர்4 ஏற்றிவிட்டேன். புதிய பாக்ஸ் 3 அங்குலம் நீளம் என்கிறார்கள். பழைய ஷாஃப்டில் 3 அங்குலம் வெட்டி வெல்டு வைத்துவிட்டால் போதாதா? – ஹூஸ்டன் வாசகர்

ப: வெட்டிவிடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட கணக்கு பாதிதான் உண்மை. டர்போ 350-இன் பின்புற வால் 6, 9, 12 அங்குலம் என்று மூன்று நீளங்களில் வந்தது. 6 அங்குல வால் இருந்தால் பாக்ஸின் மொத்த நீளம் 27 11/16 அங்குலம். 700ஆர்4 மொத்தம் 30¾. அப்படியானால் 3 1/16 அங்குலம் வித்தியாசம், சரிதான். ஆனால் உங்கள் வண்டியில் இருந்தது 9 அங்குல வால் என்றால் பழைய பாக்ஸே 30 11/16 அங்குலம். வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை. அந்த நிலையில் 3 அங்குலம் வெட்டினால் நல்ல ஷாஃப்ட் ஒன்று குப்பைக்குப் போகும். கழற்றிய பாக்ஸ் இன்னும் கையில் இருந்தால் வாலை அளந்து பாருங்கள்.

6 அங்குல வால்தான் என்று உறுதியானாலும் கழித்தல் கணக்கை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி அது. நடுவில் யாராவது பின் அச்சை மாற்றியிருக்கலாம், ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம், ஷாஃப்டையே வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருக்கலாம். தவறான அளவிலிருந்து சரியான எண்ணைக் கழித்தால் வருவதும் தவறான அளவுதான். புதிய பாக்ஸின் மவுண்டு பழையதைவிட சுமார் 2 அங்குலம் பின்னால் விழும். அதற்காக குறுக்குச் சட்டத்தை நகர்த்தும்போது பாக்ஸின் வால் சற்று ஏறும் அல்லது இறங்கும். அதுவும் நீளத்தைத் தொடும்.

ஆகவே வண்டியிலேயே அளந்துவிடுங்கள். எஞ்சின், பாக்ஸ், குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங், நீங்கள் ஓட்டப்போகும் டயர் எல்லாம் இடத்தில் உட்கார்ந்து, போல்ட் முறுக்கிய பிறகுதான் டேப் வெளியே வர வேண்டும்.

வண்டி தன் சொந்த எடையில், சக்கரத்தின் மீது நிற்க வேண்டும். அடியில் படுக்க இடம் வேண்டுமென்றால் நான்கு சக்கரத்துக்கும் சம உயரச் சாய்தளம் போடுங்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் பின்னால் அச்சுக் குழாயின் அடியில், முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் அடியில். சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தால் பின் அச்சு தொங்கிவிடும், நீங்கள் அளப்பது ஓடாத வண்டியின் நீளம். இந்த வரிசை சி10-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைப் பாதிக்கு மேல் நிரப்பி, ஸ்டெப்னியையும் இடத்தில் வைத்துவிட்டு அளப்பது நல்லது.

அடுத்து ஸ்லிப் யோக். பாக்ஸின் வாலுக்குள் நுழைந்து சறுக்கும் துண்டு அது. டர்போ 350, 700ஆர்4 இரண்டுக்கும் ஸ்ப்ளைன், அதாவது யோக்கும் பாக்ஸின் தண்டும் கோத்துக்கொள்ளும் பற்கள், 27தான், ஆகவே பழைய யோக் புதிய பாக்ஸில் ஏறும். டர்போ 400 பாக்ஸின் யோக் 32 பல், அது ஏறாது. வேறு யோக் வாங்குவதாக இருந்தால் அது வந்து சேரும்வரை காத்திருங்கள். ஒரே பல் எண்ணிக்கையிலும் குட்டை, நீளம் என்று யோக்குகள் உண்டு. அளக்கும்போது உள்ளே இருப்பதும் ஓட்டும்போது உள்ளே இருப்பதும் ஒரே யோக்காக இருக்க வேண்டும்.

யோக்கை உள்ளே முட்டும்வரை தள்ளுங்கள். ஆயில் சீல் ஓரத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு ஒரு அங்குலம் வெளியே இழுத்து நிறுத்துங்கள். யோக்கையும் ஷாஃப்டையும் இணைக்கும் சிலுவை வடிவ மூட்டுதான் கிராஸ், அதன் நான்கு முனையிலும் ஊசி பேரிங் கொண்ட கப் இருக்கும். ஷாஃப்டின் சுழற்சியைப் பின் அச்சுக்குள் கொண்டுபோகும் கியர்தான் பினியன். இப்போது யோக்கின் கிராஸ் துளை நடுப்புள்ளியிலிருந்து பின் அச்சு பினியன் யோக்கில் கிராஸ் கப் உட்காரும் குழியின் நடுப்புள்ளிவரை அளந்தால் அதுதான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய அளவு. உதாரணமாக, யோக் முட்டிய நிலையில் 48⅜ வந்தால், ஒரு அங்குலம் இழுத்தபின் 47⅜ வரும். எழுத வேண்டியது 47⅜. சிலர் சறுக்கலுக்காக ஒரு அங்குலம் சேர்த்து 49⅜ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஷாஃப்ட் வண்டியில் ஏறவே ஏறாது.

நடுப்புள்ளியை அந்தரத்தில் குறிப்பது கஷ்டம். அதற்கு எளிய வழி உண்டு. முன் கப் துளையின் முன் விளிம்பிலிருந்து பின் கப் குழியின் முன் விளிம்புக்கு அளங்கள். இரண்டு கப்பும் ஒரே விட்டம் என்றால் இதுவே நடுவிலிருந்து நடுவுக்கான அளவு. டேப் நுனியின் கொக்கி ஆடும். அதனால் 10 அங்குலக் கோட்டிலிருந்து தொடங்கி, வந்த எண்ணில் 10 கழித்துவிடுங்கள். டேப் தொய்யாமலிருக்க, இரண்டு மரச் சட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து முனைகள் இரண்டு விளிம்பிலும் தொடும்வரை நீட்டி, கிளாம்ப் போட்டு வெளியே எடுத்து தரையில் அளப்பது இன்னும் நம்பகம். மூன்று முறை அளங்கள். ⅛ அங்குலத்துக்குள் ஒத்துவந்தால் போதும். அரை அங்குலம் தள்ளிப்போனால் எங்கோ தவறு.

ஒரு அங்குலம் ஏன் என்று கேட்பீர்கள். ¾ முதல் 1 அங்குலம்வரை என்பதே நடைமுறை. அதற்குக் குறைந்தால், பள்ளத்தில் பின் அச்சு மேலே ஏறும்போது யோக் பாக்ஸுக்குள் முட்டும். முட்டினால் அடி விழுவது வாலுக்குள் யோக்கைத் தாங்கும் வால் புஷ்ஷிலும், பாக்ஸின் உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷரிலும். ஆயில் சீல் மட்டும் அடிக்கடி ஒழுகினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நேர்மாறாக 2 அங்குலம் வெளியே நின்றால் யோக்கின் தண்டை வால் புஷ் முழுதாகத் தாங்காது. வேகமெடுத்ததும் முனை ஆடும், அதிர்வு வரும், புஷ் நீள்வட்டமாகத் தேயும்.

கே: 1956 ஃபோர்டு எஃப்-100-க்கு பிந்தைய வருஷத்து 9 அங்குல ஃபோர்டு அச்சு போட்டிருக்கிறேன். பாக்ஸ் ஃபோர்டின் சி4 ஆட்டோமேட்டிக். ஷாஃப்ட் செய்பவர் நீளத்தோடு "என்ன கிராஸ்?" என்றும் கேட்கிறார். முன்னும் பின்னும் வேறு வேறு அளவாகத் தெரிகிறது. – சான் ஹோசே வாசகர்

ப: அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். 9 அங்குல அச்சு 1957-இல்தான் வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஃபோர்டின் பலவகை வண்டிகளில் ஓடியது. ஆகவே எந்த வண்டியிலிருந்து வந்ததோ, பினியன் யோக்கும் அந்த வண்டிக்கு ஏற்றபடி இருக்கும். அச்சின் பெயரை வைத்து கிராஸின் அளவைச் சொல்ல முடியாது.

டேப்பை வைத்துவிட்டு வெர்னியர் எடுங்கள். இரண்டு அளவு வேண்டும்: கப்பின் விட்டம், கிராஸின் அகலம். பூட்டு வளையம் கப்பின் வெளி முனையில் உட்காரும் வகையில் அகலம் என்பது ஒரு கப்பின் வெளி முனையிலிருந்து எதிர் கப்பின் வெளி முனைவரை. பினியன் யோக்கில் கிராஸ் இல்லாதபோது, கப்பைப் பக்கவாட்டில் நிறுத்தும் இரண்டு சிறு காதுகளுக்கு இடைப்பட்ட தூரமே அந்த அகலம்.

இந்த வண்டிகளில் நீங்கள் சந்திக்கக்கூடியவை பெரும்பாலும் நான்கு வகைதான். ஸ்பைசர் 1310: அகலம் 3 7/32, கப் 1 1/16. ஸ்பைசர் 1330: அகலம் 3⅝, கப் அதே 1 1/16. ஸ்பைசர் 1350: அகலம் 3⅝, கப் 1 3/16. நான்காவது, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் 3ஆர்: கப் 1⅛, பூட்டு வளையம் உள்பக்கம், வளையங்களுக்கு இடையே 2 9/16. உங்களுக்கு இது வராது, செவர்லே வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். கப் விட்டங்களை மில்லிமீட்டரில் பார்த்தால் 27.0, 28.6, 30.2. ஒன்றுக்கொன்று 1.6 மி.மீ.தான் தள்ளி நிற்கிறது. கண்ணால் பார்த்து வாங்கினால் தவறாமல் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முன்னே 1310, பின்னே 1330 என்று வந்தால் பதற வேண்டாம். இரண்டு கப் ஒரு அளவும் மற்ற இரண்டு வேறு அளவும் கொண்ட கலப்புக் கிராஸ் கடையில் கிடைக்கும். சாதாரண வி8 எஞ்சினுக்கு, பாரம் இழுக்காத வண்டிக்கு, அதுவே போதும். தாங்கும் பலம் மட்டும் இரண்டில் சிறியதன் பலமாகத்தான் இருக்கும்.

பினியன் யோக்கையே மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் இரண்டு விஷயம். 9 அங்குல அச்சில் தொழிற்சாலை போட்டது நசுங்கும் ஸ்லீவ், அதாவது பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நின்று நட்டின் இறுக்கத்தில் நசுங்கும் குழல். பினியன் நட்டைக் கழற்றித் திரும்ப அழுத்தமாக இறுக்கினால் அந்த ஸ்லீவ் இன்னும் நசுங்கி, பேரிங்கின் முன்னழுத்தம் கூடி, கொஞ்ச நாளில் பேரிங் கத்த ஆரம்பிக்கும். கழற்றும் முன்பே நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே கோடு போட்டு வையுங்கள், பினியனைச் சுழற்ற எத்தனை இன்ச்-பவுண்டு தேவைப்படுகிறது என்று அளந்தும் வையுங்கள். இரண்டாவது, புதிய யோக்கின் உயரம் பழையதைப்போல இருக்காது. அது மாறினால் ஷாஃப்டின் நீளமும் மாறும். யோக்கை மாற்றுவதென்றால் மாற்றிவிட்டு அளங்கள்.

பட்டறைச் சீட்டில் நீளத்தோடு, முன் யோக்கின் பல் எண்ணிக்கையும் வர வேண்டும். சி4 என்றால் 28 பல், சி6 என்றால் 31. அவரே யோக் தருவதானால் இந்த ஒரு எண்ணில் பிசகு வரக்கூடாது.

கே: என் 1971 சி10 நீளத் தொட்டி. நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்துவிட்டது. இதோடு ஒற்றைத் துண்டாக மாற்றிவிடலாமா? – அட்லாண்டா வாசகர்

ப: ரப்பர் கிழிந்ததுதான் காரணம் என்றால் பேரிங்கை மாற்றுங்கள். ஒற்றைத் துண்டுக்குப் போவது வேறு கணக்கு.

குட்டைத் தொட்டியின் சக்கர இடைவெளி 115 அங்குலம், நீளத் தொட்டிக்கு 127. அந்த 12 அங்குலமும் ஷாஃப்டின் தலையில்தான் விழுகிறது. நீண்ட குழாய் ஒன்று வேகமாகச் சுழலும்போது ஒரு கட்டத்தில் கயிறு தாண்டும் கயிறு மாதிரி நடுவில் வளைந்து சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சி எண்ணுக்கு நெருக்கடி வேகம் என்று பெயர். அதைத் தொட்டால் குழாய் வளைந்து, அறுந்து தரையில் அடிக்கவும் கூடும்.

ஸ்டீல் குழாய்க்கு அதைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். வெளி விட்டத்தின் வர்க்கம், உள் விட்டத்தின் வர்க்கம் இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 47,00,000-ஆல் பெருக்குங்கள். நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லாம் அங்குலத்தில். வருவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற எண். அதில் 75 சதவீதத்துக்கு மேல் ஷாஃப்ட் ஓடக்கூடாது.

0.083 அங்குலச் சுவர் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். 50 அங்குல நீளம், 3 அங்குல விட்டம் என்றால் நெருக்கடி வேகம் சுமார் 7,750. ஓட்டக்கூடியது 5,800. கவலையே இல்லை. அதே குழாய் 60 அங்குலம் ஆனால் 5,400-க்கு இறங்குகிறது, ஓட்டக்கூடியது சுமார் 4,000. நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, எல்லை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 65 அங்குலத்துக்கு 3½ அங்குலக் குழாய் போட்டாலும் 4,000-தான் கிடைக்கும். 4 அங்குலக் குழாய் போட்டால் 4,600.

இனி உங்கள் ஷாஃப்ட் எவ்வளவு வேகத்தில் சுற்றும் என்று பாருங்கள். மணிக்கு எத்தனை மைல் என்பதை அச்சு விகிதத்தால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். 3.73 விகிதம், 28 அங்குல டயர், 70 மைல்: 3,130 சுற்று. 90 மைலில் 4,030. நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டாதவருக்கு 65 அங்குலத்தில் 3½ அங்குலக் குழாயே ஓடும். கால் கனமானவருக்கு அது எல்லையில் நிற்கும்.

ஓவர்ட்ரைவ் பாக்ஸ் (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர் கொண்டது) வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். 700ஆர்4-இன் நான்காம் கியர் 0.70. அதே 70 மைலில் எஞ்சின் 2,190-தான் காட்டும், ஆனால் ஷாஃப்ட் அதே 3,130-இல்தான் சுற்றுகிறது. எஞ்சின் மீட்டரைப் பார்த்து ஷாஃப்டின் வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

குழாய் பருத்தால் இடம் வேண்டும். நடு பேரிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குள் நுழைந்துதான் ஷாஃப்ட் போகிறது. பின் அச்சு முழுக்க ஏறிய நிலையில் 4 அங்குலக் குழாய்க்கு அங்கே சுற்றிலும் அரை அங்குலமாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு துண்டே நல்லது. தொழிற்சாலை அதைக் காரணத்தோடுதான் வைத்தது.

இரண்டு துண்டை அளப்பதானால் முதலில் நடு பேரிங்கைப் புதிதாக மாட்டி, போல்ட் முறுக்குங்கள். கிழிந்த ரப்பரோடு அளந்தால் நடுப்புள்ளி தொங்கிப்போய் இருக்கும். முன் துண்டையும் பின் துண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எந்தத் துண்டில் சறுக்கல் இருக்கிறதோ அதற்குத்தான் சறுக்கல் இடம் விட வேண்டும். கழற்றும் முன்பே ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்ட் கோடு போடுங்கள். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி ஏற்றினாலும் அதிர்வு வரும். எத்தனை பேலன்ஸ் செய்தாலும் அது போகாது.

கே: சி10-ஐப் பின்னால் 4 அங்குலம் தாழ்த்திய பிறகு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது. ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்தும் பயனில்லை. நீளம் தவறா? – டல்லாஸ் வாசகர்

ப: கோணம் தவறு என்றே தெரிகிறது. பேலன்ஸ் குறை வேகம் கூடக் கூட வளரும், 50 மைலுக்கு மேல்தான் முகம் காட்டும். கிளம்பும்போதே நடுங்குவது கிராஸின் கோணத்தால் வருவது.

கிராஸ் ஒன்று கோணத்தில் சுற்றும்போது வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை தளரும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.14 சதவீதம், 10 டிகிரியில் 1.5 சதவீதம். முன் கிராஸ் உண்டாக்கும் இந்தத் துடிப்பைப் பின் கிராஸ் அழித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு கிராஸின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பின் அச்சை இரண்டு நீளமான இழு கைகள் பிடித்திருக்கின்றன. அச்சு அந்தக் கைகளோடு யூ போல்டால் இறுகக் கட்டப்பட்டது. கை எவ்வளவு திரும்புகிறதோ அச்சும் அவ்வளவு திரும்பும். வண்டியைத் தாழ்த்தும்போது கையின் பின் முனை சட்டத்தைப் பார்த்து மேலே ஏறுகிறது, பினியனின் மூக்கு கீழே சாய்கிறது. நாஸ்கார் பந்தயக் கார்கள் பல காலம் இதே அமைப்பில்தான் ஓடின. கெட்டியான அமைப்பு, ஆனால் உயரம் மாறினால் கோணமும் மாறும் என்பதை மறக்க விடாது.

டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்குங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது மூன்று இடத்தில் வையுங்கள்: முன்னே கிராங்க் புல்லியின் செங்குத்து முகம் அல்லது பாக்ஸில் இயந்திரத்தில் சீவிய சமதளம், நடுவில் குழாய், பின்னே பினியன் யோக்கின் முகம். பாக்ஸ் பின்பக்கம் 3 டிகிரி சரிவு, ஷாஃப்ட் அதே பக்கம் 2 டிகிரி சரிவு, பினியன் மூக்கு 1 டிகிரி கீழே என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முன் கிராஸின் கோணம் 3-இல் 2 போக 1 டிகிரி. பின் கிராஸில் ஷாஃப்டும் பினியனும் எதிரெதிர்ப் பக்கம் சாய்வதால் கூட்ட வேண்டும்: 2-உம் 1-உம் 3 டிகிரி. 1-க்கு 3. நடுக்கம் இங்கேதான்.

இழு கைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ஆப்பு கிடைக்கும். 2 டிகிரி ஆப்பால் மூக்கை 1 டிகிரி மேலே கொண்டுவந்தால் பின் கிராஸும் 1 டிகிரி ஆகிவிடும். பாக்ஸும் பினியனும் இணையாக நிற்க வேண்டும் என்றால் 4 டிகிரி ஆப்பு தேவை. அப்போதும் பின் கோணம் 1 டிகிரிதான். துடிப்பை அழிப்பதற்கு இரண்டு வழியும் சரி, கிடைக்கும் ஆப்பைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கிராஸுக்கும் 1 முதல் 3 டிகிரி நல்லது. இரண்டுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பூஜ்யமாக்கிவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கோணமே இல்லையென்றால் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாது, ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு ஒரு திருத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே ஏறும். அதற்காக, நிற்கும்போது 1 முதல் 2 டிகிரி கீழே வைத்துவிடுவது வழக்கம்.

ஆப்பு வைத்த பிறகு பினியன் யோக் முன்பு இருந்த இடத்தில் இருக்காது. யோக் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று முதல் பதிலில் சொன்னபடி திரும்பவும் பாருங்கள்.

கே: 1951 செவர்லே 3100-க்கு திறந்த ஷாஃப்ட் போட விருப்பம். எங்கிருந்து எங்கே அளப்பது? – சிகாகோ வாசகர்

ப: இப்போது அளக்க எதுவும் இல்லை. உங்கள் வண்டியில் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடியிருக்கிறது. அந்தக் குழாய் பின் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டு, முன் முனை பாக்ஸின் பின்புறம் ஒரு உருண்டைக் கிண்ணத்தில் உட்காருகிறது. சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையும் இந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. குழாயை எடுத்துவிட்டால் அந்த விசையைப் பட்டை ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும். அதற்குத் தக்க அச்சும் ஸ்பிரிங் இருக்கையும் வேண்டும். முதலில் திறந்த வகை அச்சு, பிறகு திறந்த வால் கொண்ட பாக்ஸ், அதற்கான குறுக்குச் சட்டம், பினியன் கோணம், ஸ்பிரிங் இருக்கையின் வெல்டு. அதற்குப் பிறகுதான் டேப்.

கே: 1972 கே10 நான்கு சக்கர இயக்கம், என்பி205 டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி). இதில் சறுக்கும் யோக்கே இல்லையே? – டென்வர் வாசகர்

ப: உண்டு, ஷாஃப்டுக்குள்ளேயே இருக்கிறது. என்பி205-இன் யோக் தண்டில் நட்டால் இறுக்கப்பட்டது, நகராது. பினியன் யோக்கும் நகராது. ஆகவே இரண்டு யோக் குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும், ஆனால் மூன்று நிலையில் அளக்க வேண்டும்: வண்டி நிற்கும்போது, அச்சு தடுப்பு ரப்பரில் முட்டும்போது, அச்சு முழுக்கத் தொங்கும்போது. மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மிகச் சிறிய அளவுக்கும் கீழே ஷாஃப்ட் இன்னும் அரை அங்குலமாவது சுருங்க வேண்டும். மிகப் பெரிய அளவில் ஸ்ப்ளைன் குறைந்தது ஒன்றரை அங்குலம் பிடித்திருக்க வேண்டும். முன் ஷாஃப்டுக்கும் இதே முறைதான். உயர்த்திய வண்டியில் தொங்கும் நிலை அளவைத் தவறவிட்டால், ஒரு நாள் மேட்டுச் சாலையில் ஷாஃப்ட் இரண்டாகக் கழன்று நிற்கும்.

கே: ஷாஃப்ட் தயாராகி வந்துவிட்டது. மாட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்? – ஆஸ்டின் வாசகர்

ப: முதலில் கிராஸ் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். சமதரையில் வைத்து, இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேர்கோட்டில் நின்று பாருங்கள். வெல்டின் போது சில டிகிரி திரும்பிவிடுவது உண்டு. அதைத் திரும்ப வெட்டித்தான் சரிசெய்ய முடியும். பிறகு ஒவ்வொரு கிராஸையும் விரலால் இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். இறுக்கிப் பிடிக்கும் இடம் இருந்தால் உள்ளே ஓர் ஊசி குறுக்கே விழுந்திருக்கும். ஓட்டிப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கப்பைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்லிப் யோக்கின் வெளித் தண்டில் கியர் ஆயில் தடவி உள்ளே விடுங்கள். உலர்ந்த யோக் புது சீலை முதல் மைலிலேயே கிழிக்கும். பினியன் பக்கத்தில் கப்புகள் குழியில் முழுதாக உட்கார்ந்து, காதுகளுக்கு நடுவே நிற்பதை உறுதிப்படுத்திவிட்டு யூ போல்டை மாற்றி மாற்றி இறுக்குங்கள். 1310, 1330-க்கு 14 முதல் 17 பவுண்டு-அடி, 1350-க்கு 20 முதல் 24. டார்க் ரென்ச் இல்லாமல் வேண்டாம். கைவலு காட்டி இறுக்கினால் கப் நசுங்கி ஊசிகள் சிக்கும். புது கிராஸ் சில நூறு மைலிலேயே கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாட்டியதும் சீல் ஓரத்தில் யோக் தண்டின்மீது புதிதாக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். 50 மைல் ஓட்டி, ஒரு மேடு, ஒரு பள்ளம், வேகத்தடைகள் எல்லாம் தாண்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டில் சீல் ஓடிய இடம் பளபளவென்று தெரியும். அந்தப் பளபளப்பு கோட்டுக்கு முன்னும் பின்னும் இருந்து, உள்ளே முட்டும் இடத்துக்கு இன்னும் ¼ அங்குலமாவது மிச்சமிருந்தால் நீளம் சரி. முட்டும் இடம்வரை போயிருந்தால் ஷாஃப்டை இறக்கி அரை அங்குலம் குறைக்கக் கொடுங்கள். யூ போல்ட் நட்டுகளையும் அப்போதே ஒருமுறை டார்க் ரென்சால் சரிபார்த்துவிடுங்கள்.